பந்து எங்கே, பார்வை அங்கே: ஹைஸ்மன் விருதின் 90 ஆண்டுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டுதோறும் ஒரே ஒரு வீரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் விருது, அந்நாட்டின் விளையாட்டுப் பரிசுகளில் மிக அதிகம் பேசப்படும் ஒன்று. 1935-இல் தொடங்கி 2024 வரை 90 முறை வழங்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை வாங்கிவிட்டால் விருதின் பெயர் வீரரின் பெயரோடு ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். அவர் காலமானால் இரங்கல் செய்தியின் முதல் வரியில் அதுதான் இருக்கும். நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கு, அதுவும் நேர்மையோடு ஆடியவருக்கு, இந்த விருது உரியது என்று அதை வழங்குபவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு எந்த அளவுக்குத் தாங்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியை மோதி வீழ்த்தியும் ஆடப்படுவது இது. பக்கத்துக்கு 11 பேர். பந்தை முன்னேற்றும் அணியில் குவாட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று நொடியில் முடிவெடுப்பார். ரன்னிங் பேக் பந்தோடு ஓடுவார்; ரிசீவர் எறிந்த பந்தைப் பிடிப்பார். முன்வரிசையில் நிற்கும் சென்டர், கார்டு, டேக்கிள் ஆகிய ஐந்து லைன்மேன்களும் எதிரிகளைத் தடுத்து மற்றவர்களுக்கு வழி செய்து தருவார்கள். பந்தைப் பறிக்கவும் தடுக்கவும் தனியாக ஒரு தற்காப்புப் படை உண்டு.

இந்த ஆட்டம் கல்லூரிகளில்தான் பிறந்தது. தொழில்முறை லீக் பிறகு வந்தது. அலபாமா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் இன்றும் அந்த லீக்கின் அணி கிடையாது. பல்கலைக்கழக அணிதான் ஊரின் குலதெய்வம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். இப்படிப்பட்ட களத்தில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெயருக்கு எவ்வளவு கனம் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்த கதை

நியூயார்க் மன்ஹாட்டனின் தென்கோடியில், வணிகர்களும் வழக்கறிஞர்களும் கூடும் டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப் என்றொரு மன்றம் இருந்தது. அதன் விளையாட்டு இயக்குநர் ஜான் ஹைஸ்மன். 1869-இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர்; சட்டம் படித்தவர்; ஆபர்ன், கிளெம்சன், ஜார்ஜியா டெக் உள்ளிட்ட பல கல்லூரிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர்; கோடைக் காலங்களில் மேடை நாடகங்களிலும் நடித்தவர். பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906-இல் விதி இடம் கொடுத்ததென்றால், அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்களில் இவர் முக்கியமானவர். 1916-இல் இவருடைய ஜார்ஜியா டெக் அணி கம்பர்லாந்து கல்லூரியை 222-0 என்று தோற்கடித்தது. அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுப்பது ஹைஸ்மனுக்கே முதலில் ஒப்பவில்லை என்று சொல்வார்கள்.

1935-இல் முதல் விருது மிஸிஸிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள வீரர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வேங்கர் வாங்கினார். தொழில்முறை லீக் நடத்திய முதல் வீரர் தேர்விலும் முதல் பெயர் இவருடையதே. ஆனால் கேட்ட சம்பளம் ஒத்துவராததால் அவர் ஒரு நாள்கூடத் தொழில்முறையில் ஆடவில்லை. கனமான அந்த வெண்கலச் சிலை அவருடைய அத்தை வீட்டில் பல காலம் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகமோ 1939-இல் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. விருதுக்கு அன்று இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

1936 அக்டோபரில் ஹைஸ்மன் காலமானார். மன்றம் விருதுக்கு அவர் பெயரைச் சூட்டி, நாடு முழுமைக்கும் பொதுவாக்கியது.

சிலையைச் செய்தவர் ஃபிராங்க் எலிஸ்கு என்ற இளம் சிற்பி. நியூயார்க் பல்கலைக்கழக அணியில் ஆடிய எட் ஸ்மித் என்பவரை நிற்கவைத்து வடித்தார். தோல் தொப்பி, முகக் காப்பு இல்லாத முகம், இடக்கையில் அணைத்த பந்து, எதிரியைத் தள்ளிவிட நீட்டிய வலக்கை. தன்னைப் பார்த்துச் செய்த சிலைதான் நாடே கொண்டாடும் ஹைஸ்மன் என்பது ஸ்மித்துக்கு 1982 வரை தெரியாது. சிற்பி எலிஸ்கு தேர்ந்தெடுத்தது பந்தோடு ஓடும் ஒருவரை என்பதையும் கவனிக்க வேண்டும். விருதின் பிற்காலப் போக்குக்கு அந்த உருவமே சாட்சி.

வாக்கு எண்ணிக்கை

தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்கள். நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 145 பேர் வீதம் 870 பேருக்கு வாக்குச்சீட்டு. முன்னர் விருது வாங்கி உயிரோடு இருப்பவர்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. ரசிகர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒன்று. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று.

ஆறு பகுதி, சம எண்ணிக்கை என்பதெல்லாம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புள்ளி முறைக்கு என்று ஒரு விளையாட்டு உண்டு. 1956 அதற்கு உதாரணம். அந்த ஆண்டு வென்றவர் நாட்டர் டேம் கல்லூரியின் பால் ஹார்னுங். அவருடைய அணி பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றிருந்தது. தோற்ற அணியிலிருந்து ஹைஸ்மன் வாங்கியவர் அவர் ஒருவர்தான். முதலிட வாக்குகளை எண்ணினால் ஹார்னுங்கை விட ஓக்லஹோமாவின் டாமி மெக்டொனால்டுக்கே அதிகம். ஆனால் அவருடைய அணித்தோழர் ஜெரி டப்ஸும் களத்தில் இருந்தார். ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஓக்லஹோமாவின் ஆதரவு இரண்டாகப் பிளந்தது. டென்னஸியின் ஜானி மேஜர்ஸை 72 புள்ளி முந்தி ஹார்னுங் வென்றார். மெக்டொனால்டு மூன்றாவது, டப்ஸ் நான்காவது. ஐந்தாவது இடத்தில் ஜிம் பிரௌன். பின்னாளில் தொழில்முறை லீக்கில் ஓட்டத்தின் இலக்கணமாகவே ஆனவர். 1956-ஐ நினைக்கும்போது அமெரிக்கர்கள் இன்றும் முதலில் சொல்வது ஐந்தாவதாக வந்தவரின் பெயரைத்தான்.

ஓடாதவனுக்கு இடமில்லை

ஹைஸ்மன் பட்டியலை நிலைவாரியாகப் பிரித்தால் ஆட்டத்தின் வரலாறு தெரியும், அதைவிட அதிகமாகப் பார்வையாளர்களின் மனம் தெரியும். 1973 முதல் 1983 வரை 11 ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர்கள் எல்லாரும் ரன்னிங் பேக். ஒஹையோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின் 1974, 1975 இரண்டிலும் வாங்கினார். இரண்டு முறை வாங்கிய ஒரே வீரர் இன்றுவரை அவர்தான். பிறகு எறியும் ஆட்டம் ஓங்கியது. 2000 முதல் 2024 வரையிலான 25 விருதுகளில் 20 குவாட்டர்பேக்குகளுக்கே போயின. மற்ற ஐவர் ரெஜி புஷ், மார்க் இங்க்ரம், டெரிக் ஹென்றி, டிவான்டா ஸ்மித், டிராவிஸ் ஹன்டர்.

லைன்மேன்கள் கதை இன்னும் மோசம். அயோவாவின் அலெக்ஸ் காரஸ் 1957-இலும், மினசோட்டாவின் டாம் பிரௌன் 1960-இலும், ஒஹையோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் 1973-இலும் இரண்டாம் இடம் வரை வந்தார்கள். அதற்கு மேல் யாரும் ஏறவில்லை. வரிசையின் ஓரத்தில் நின்று பந்தும் பிடிக்கும் எண்ட் என்ற நிலையில் ஆடிய லாரி கெலி 1936-இலும், லியான் ஹார்ட் 1949-இலும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களும் பந்தைத் தொட்டவர்களே. உள்வரிசை லைன்மேன்களுக்கு என்று 1946-இல் அவுட்லண்ட் விருது தனியாக வந்தது. பந்தியில் இடமில்லாதவருக்குத் திண்ணையில் இலை போட்ட மாதிரி.

தற்காப்பு வீரர்களில் ஹைஸ்மன் வாங்கியவர் மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன். 1997-இல் டென்னஸியின் பேடன் மேனிங்கைத் தாண்டி வென்றார். ஆனால் அவர் பந்தைத் தடுத்ததோடு நிற்கவில்லை. ரிசீவராகவும் ஆடினார், ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோடுவரை ஓடி டச்டவுன் அடித்தார். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் விருதும் இல்லை என்பதே பலரின் கருத்து. 2009-இல் நெப்ராஸ்காவின் என்டாமுகாங் சூ, டெக்சஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 12 முறை எதிரிகளை வீழ்த்தி, குவாட்டர்பேக்கை நாலரை முறை மண்ணில் சாய்த்தார். அவருக்கு நான்காம் இடம். 2012-இல் நாட்டர் டேமின் மான்டை டியோவும், 2021-இல் மிச்சிகனின் எய்டன் ஹட்சின்சனும் இரண்டாம் இடத்தோடு திரும்பினார்கள். 2024-இல் வென்ற கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் தற்காப்பிலும் ரிசீவராகவும் ஏறக்குறைய ஆட்டம் முழுக்கக் களத்திலேயே நின்றவர். ஓடி ஓடிச் சாதனைக் கணக்கை நெருங்கிய பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டியை 214 புள்ளியில் முந்தினார். இந்த நூற்றாண்டில் தற்காப்பில் நிற்பவர் வெல்ல வேண்டுமென்றால் இரண்டு ஆளின் வேலையைச் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

வாக்காளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஓடிய யார்டு, எறிந்த யார்டு, டச்டவுன் என்று பந்தோடு சேர்ந்த எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எதிரியைத் தன் குவாட்டர்பேக்கின் அருகே அண்டவே விடாத டேக்கிளின் உழைப்பு எந்த அட்டவணையிலும் ஏறாது. வாரத்துக்குப் பல டஜன் ஆட்டங்கள் நடக்கும் நாட்டில், எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் சீட்டை நிரப்ப முடியும்.

நிறத்தின் கணக்கு

முதல் 26 விருதுகளும் வெள்ளையருக்கே போயின. தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் அக்காலத்தில் பெரும்பாலும் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. சேர்த்த வடக்கிலும் மேற்கிலும் அவர்களுக்குக் கிடைத்த அங்கீகாரம் குறைவு. 1939-இல் யூசிஎல்ஏவின் கென்னி வாஷிங்டன் ஆட்டக் கணக்கில் நாட்டிலேயே முன்னணியில் இருந்தும், தேசிய அணிப் பட்டியல்களில் இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டார்.

1961-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் எர்னி டேவிஸ் அந்தக் கதவைத் திறந்தார். ஜிம் பிரௌன் அணிந்த 44-ஆம் எண்ணையே இவரும் அணிந்தவர். 1960 புத்தாண்டு நாளில் டாலஸ் நகரில் டெக்சஸ் அணியை 23-14 என்று சிரக்யூஸ் வென்றபோது ஆட்டத்தின் சிறந்த வீரர் இவர்தான். அன்றிரவு விருந்தில், பரிசை வாங்கியதும் கறுப்பின வீரர்கள் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டதாகப் பதிவுகள் உண்டு. இரண்டே ஆண்டுகளில் அதே டேவிஸ் நியூயார்க்கில் ஹைஸ்மன் சிலையைக் கையில் வாங்கினார். நகருக்கு வந்திருந்த அதிபர் கென்னடி அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார். தொழில்முறைத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டு, கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அதற்குள் ரத்தப் புற்றுநோய் தெரியவந்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே 18 அன்று 23 வயதில் இறந்தார்.

ஓடும் நிலையில் தடை உடைந்தாலும், அணிக்கு மூளை என்று கருதப்பட்ட குவாட்டர்பேக் நிலையில் இன்னும் 28 ஆண்டுகள் பிடித்தன. 1989-இல் ஹூஸ்டனின் ஆண்ட்ரே வேர் வாங்கியபோதுதான் கறுப்பின குவாட்டர்பேக் ஒருவருக்கு முதன்முதலாக விருது கிடைத்தது. இன்று நிலைமை வேறு. கேம் நியூட்டன், ராபர்ட் கிரிஃபின், லமார் ஜாக்சன், கைலர் மரே, பிரைஸ் யங், கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ் என்று 2010 முதல் வரிசை நீள்கிறது. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட பழைய கல்லூரிகளிலிருந்து இன்றுவரை யாரும் வெல்லவில்லை. ஆல்கார்ன் ஸ்டேட்டின் ஸ்டீவ் மெக்நேர் 1994-இல் மூன்றாம் இடம் வந்ததே பெரிய செய்தி. ஹன்டரும் ஜாக்சன் ஸ்டேட் என்ற அத்தகைய கல்லூரியில்தான் தொடங்கினார். விருது கிடைத்தது கொலராடோவுக்கு மாறிய பிறகு.

ஊரும் நேரமும் விளம்பரமும்

நாட்டர் டேம் ஏழு முறை, ஓக்லஹோமா ஏழு, ஒஹையோ ஸ்டேட் ஏழு, தெற்குக் கலிஃபோர்னியா எட்டு. 90 விருதுகளில் 29, நான்கு கல்லூரிகளுக்குள் அடங்கிவிட்டன. பெரிய கல்லூரிக்கு நல்ல வீரர்கள் போகிறார்கள் என்பது ஒரு காரணம். பெரிய கல்லூரியின் ஆட்டத்தை எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது இன்னொன்று.

பார்வை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு நல்ல சாட்சி. 2009 முதல் 2017 வரை ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை அந்தக் கல்லூரி வீரர்கள் இரண்டாம் இடத்தில் நின்றார்கள்: டோபி கெர்ஹார்ட், இரண்டு முறை ஆண்ட்ரூ லக், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, பிரைஸ் லவ். கெர்ஹார்ட் 28 புள்ளியில் தோற்றார். ஹைஸ்மன் வரலாற்றிலேயே மிகக் குறுகிய இடைவெளி அது. மெக்காஃப்ரி 2015-இல் ஒரே பருவத்தில் மொத்தம் 3,864 யார்டு சேர்த்து, பாரி சாண்டர்ஸ் 1988-இல் படைத்த சாதனையை முறியடித்தவர். ஸ்டான்ஃபோர்டு இருக்கும் மேற்குக் கரையில் இரவு ஆட்டம் தொடங்கும்போது கிழக்கே ஊர் உறங்கத் தொடங்கிவிடும். வாக்காளர்களில் பாதிப்பேர் அந்த ஓட்டங்களை மறுநாள் சுருக்கமாகத்தான் பார்த்திருப்பார்கள் என்ற குறை ஸ்டான்ஃபோர்டு ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

விளம்பரத்துக்கும் பஞ்சமில்லை. 1970-இல் நாட்டர் டேம் குவாட்டர்பேக் ஜோ தீஸ்மனின் பெயரை, ஹைஸ்மனுக்கு எதுகையாக அமையட்டும் என்று தைஸ்மன் ஆக்கியது கல்லூரியின் விளம்பரப் பிரிவு. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. விருதோ ஸ்டான்ஃபோர்டின் ஜிம் பிளங்கெட்டுக்குப் போனது. 2001-இல் ஆரகன் பல்கலைக்கழகம் தன் குவாட்டர்பேக் ஜோயி ஹாரிங்டனுக்காக மன்ஹாட்டனில் இரண்டரை லட்சம் டாலரில் பத்து மாடி உயரப் பதாகை கட்டியது. நான்காம் இடம் வந்தார். பதாகை வாக்கை வாங்கித் தரவில்லை என்றாலும், ஆரகன் என்ற பெயரை நியூயார்க் அறிந்துகொண்டது. கல்லூரி எதிர்பார்த்த லாபமும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சீட்டை மூடும் தேதி

டிசம்பர் தொடக்கத்தில், லீக் இறுதி ஆட்டங்கள் முடிந்ததும் வாக்குச்சீட்டு மூடப்படுகிறது. பருவத்தின் மிகக் கடினமான ஆட்டங்கள் அதற்குப் பிறகே தொடங்குகின்றன.

2005-இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் ரெஜி புஷ் பெரும் வித்தியாசத்தில் வென்றார். டெக்சஸின் வின்ஸ் யங் இரண்டாம் இடம். சில வாரங்களில், 2006 ஜனவரி 4 அன்று, இருவரும் தேசிய இறுதி ஆட்டத்தில் நேருக்கு நேர் வந்தார்கள். யங் 267 யார்டு எறிந்து, 200 யார்டு ஓடி, கடைசி நொடிகளில் தானே பந்தோடு எல்லைக்குள் நுழைந்து 41-38 என்று டெக்சஸை வெல்லவைத்தார். ஒரு மாதம் கழித்து வாக்கெடுத்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும்.

2014-இல் நான்கு அணிகளின் தேசியச் சுற்று வந்தது. 2024-இல் அது 12 அணிகளாகியது. இறுதிவரை போகும் அணி, வாக்குச்சீட்டு மூடிய பின் மூன்று அல்லது நான்கு ஆட்டங்கள் ஆடும். அந்த ஆட்டங்களைப் பார்க்காமல் ஆண்டின் சிறந்த வீரர் என்று ஒருவரை அறிவிப்பதற்குத் தொலைக்காட்சி அட்டவணையைத் தவிர வேறு காரணம் காட்டுவது கடினம். டிசம்பர் விழா நல்ல வியாபாரம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

நேர்மையும் பணமும்

விருதுக்கு நேர்மை ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனை எப்போது பாய்ந்தது, எப்போது பதுங்கியது என்பதில் ஒரு கதை இருக்கிறது.

1959-இல் வென்ற லூசியானாவின் பில்லி கேனன் 1983-இல் கள்ள நோட்டு வழக்கில் சிறை சென்றார். 1968-இல் வென்ற ஓ.ஜே. சிம்சன், இரண்டு பேரின் மரணத்துக்குப் பொறுப்பாளி என்று 1997-இல் உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; இழப்பீட்டுக்காக அவருடைய சிலை 1999-இல் ஏலம் போனது. இருவர் பெயரும் பட்டியலில் அப்படியே இருந்தன. கல்லூரி நாட்களுக்குப் பிறகு நடந்தவற்றுக்கு விருது பொறுப்பாகாது என்பது சமாதானம், அதை ஏற்கலாம்.

பெயர் பறிபோனது புஷ்ஷுக்கு மட்டும்தான். அவர் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆடிய காலத்தில், பின்னாளில் அவருக்கு முகவராக விரும்பியவர்கள் அவர் குடும்பத்துக்கு வீடும் பணமும் கொடுத்தார்கள் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ 2010-இல் முடிவுசெய்தது. பருவ முடிவு ஆட்டங்களில் ஆடக் கல்லூரிக்கு இரண்டு ஆண்டுத் தடை, 30 உதவித்தொகை இடங்கள் பறிப்பு. புஷ் சிலையைத் திருப்பிக் கொடுத்தார். 2005-ஆம் ஆண்டுக்கு நேராகப் பட்டியலில் வெற்றிடம் விழுந்தது. அதே புஷ்ஷின் சட்டை எண்ணை விற்று, அவர் ஆட்டத்தை ஒளிபரப்பி, மைதானத்தை நிரப்பிச் சம்பாதித்ததற்காக யார் மீதும் எந்த விதியும் பாயவில்லை.

2021 ஜூனில் என்சிஏஏ-வின் கட்டுப்பாடுகளுக்கு எதிராக உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது. அதே மாதம் அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன், இன்னும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்க வீரராக ஆடாத தன் குவாட்டர்பேக் பிரைஸ் யங்குக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலருக்கு ஒப்பந்தங்கள் வந்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஆண்டு ஹைஸ்மன் யங்குக்குத்தான். 2025-இல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்க வழி பிறந்தது.

2024 ஏப்ரலில் சிலை புஷ்ஷிடம் திரும்பியது. கல்லூரி ஃபுட்பாலில் நிகழ்ந்த பெரும் மாற்றங்களைக் காரணம் காட்டியது விருதை நடத்தும் அறக்கட்டளை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் டவுன்டவுன் மன்றத்தின் கட்டடம் மூடப்பட்டு, மன்றம் திவாலானதால் அந்த அறக்கட்டளை கைக்கு விருது வந்திருந்தது. 14 ஆண்டு வெற்றிடம் ஒரே அறிவிப்பில் நிரம்பியது. ஆட்டத்தில் மாசு என்று தண்டித்ததை, ஆட்டமே தொழிலாக ஏற்றுக்கொண்டதும் மன்னிக்க வேண்டியதாயிற்று.

பணத்தோடு இன்னொன்றும் மாறிவிட்டது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவது எளிதானபின், 2017 முதல் 2024 வரை வென்ற எட்டுப் பேரில் ஆறு பேர் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள்: மேஃபீல்டு, மரே, பர்ரோ, வில்லியம்ஸ், டேனியல்ஸ், ஹன்டர். ஊரின் பிள்ளை ஊருக்குப் பெருமை சேர்த்தான் என்ற பழைய பெருமிதத்துக்கு இப்போது அவ்வளவு இடமில்லை.

விருது எதைச் சரியாகச் செய்கிறது?

தொழில்முறையில் ஜொலிக்காதவர்களை வைத்து ஹைஸ்மனைக் கிண்டல் செய்வது வழக்கம். 2003-இல் வென்ற ஜேசன் வைட்டை எந்தத் தொழில்முறை அணியும் தேர்வில் எடுக்கவில்லை. 1993-இல் வென்ற சார்லி வார்டு கூடைப்பந்துக்குப் போய்விட்டார். மறுபக்கம் ரோஜர் ஸ்டாபக், டோனி டோர்செட், எர்ல் கேம்பெல், பாரி சாண்டர்ஸ், லமார் ஜாக்சன் போன்றவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கிண்டலில் நியாயம் குறைவு. கல்லூரியில் யார் சிறந்தவர் என்பதே விருது கேட்கும் கேள்வி. நாளை யார் சிறப்பார் என்று சோதிடம் சொல்வது அதன் வேலை இல்லை.

விருதின் உண்மையான பலம் அது தரும் மேடை. 1939-இல் வென்ற அயோவாவின் நைல் கின்னிக், ஐரோப்பாவின் போர்க்களங்களில் அல்லாமல் அமெரிக்காவின் மைதானங்களில் நிற்பதற்கு நன்றி சொல்லிப் பேசினார். நான்கு ஆண்டுகளுக்குள் கடற்படை விமானப் பயிற்சியில் இறந்தார். 1973-இல் ஜான் கேப்பலெட்டி, ரத்தப் புற்றுநோயோடு போராடிய தன் தம்பி ஜோயிக்கு விருதைக் காணிக்கையாக்கினார். 2019-இல், வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசமான 1,846 புள்ளியில் வென்ற ஜோ பர்ரோ, தென்கிழக்கு ஒஹையோவில் தன் ஊர்ப்பக்கம் பசியோடு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றி மேடையில் கண்ணீரோடு பேசினார். அதைக் கேட்டவர்கள் அங்குள்ள உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள். இந்தக் குரல்கள் நாடெங்கும் எட்டியதற்கு ஹைஸ்மனே காரணம்.

தீர்ப்பு

90 ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை இதுதான்: ஓர் ஆண்டில் அமெரிக்கா யாரைப் பார்த்து வியந்தது என்பதை ஹைஸ்மன் ஓரளவு சரியாகச் சொல்கிறது. யார் மிகச் சிறப்பாக ஆடினார் என்பதைச் சொல்வதாக அது காட்டிக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. பார்வை பந்தின் பின்னால் ஓடியது; பெரிய கல்லூரியின் பின்னால் ஓடியது; நீண்ட காலம் வெள்ளைத் தோலின் பின்னால் ஓடியது; கிழக்கின் கடிகாரத்தின் பின்னாலும் ஓடியது. விருது அந்தப் பார்வையைத் திருத்த முயலவில்லை, பின்தொடர்ந்தது.

திருத்தம் வேண்டுமென்றால் கடினமில்லை. தேசியச் சுற்று முடிந்தபின் வாக்கெடுக்கலாம். ஒவ்வொரு செய்தியாளரும் யாருக்கு எழுதினார் என்பதைப் பெயரோடு வெளியிடலாம். பொதுவில் நியாயம் சொல்ல வேண்டி வந்தால் பார்க்காத ஆட்டத்தையும் தேடிப் பார்ப்பார்கள். நேர்மை என்ற நிபந்தனையை வீரருக்கு மட்டும் வைக்காமல், அவரால் சம்பாதிக்கும் கல்லூரிக்கும் வைக்கலாம். இவை எதுவும் செய்ய மனமில்லை என்றால், தலைசிறந்த வீரர் என்ற பட்டத்தை விட்டுவிட்டு, ஆண்டின் மிகப் புகழ்பெற்ற வீரர் என்று உள்ளதை உள்ளபடி அறிவிக்கலாம். 90 முறை கொடுத்தும் ஒரு சென்டருக்கோ கார்டுக்கோ டேக்கிளுக்கோ ஒருமுறைகூடக் கிடைக்காத விருதுக்கு அந்தப் பெயர்தான் பொருந்தும்.